எண்ணிம இரட்டையின் வரலாறு

எண்ணிம இரட்டை என்பது, உண்மையில் இருக்கும் ஒரு பொருளுக்கு இணையாகக் கணினியில் உருவாக்கப்பட்டு, அப்பொருளிலிருந்து வரும் தரவுகளால் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் மாதிரி ஆகும். ஆங்கிலத்தில் இது டிஜிட்டல் ட்வின் எனப்படுகிறது. விமானங்கள், விமான எந்திரங்கள், மகிழுந்துகள், மின்னாக்கிகள் போன்ற சிக்கலான பொருள்களை வடிவமைக்கவும், சோதிக்கவும், பராமரிக்கவும் இது பயன்படுகிறது. இரட்டைக் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதுபோலக் கணினியில் உள்ள பொருளும் வெளியில் உள்ள பொருளும் ஒத்திருக்க வேண்டும் என்பதே பெயரின் கருத்து.

ஒரு பொறியியல் வரைபடம், பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று கூறுகிறது. செய்து முடித்த பொருள் இப்போது எப்படி இருக்கிறது என்பதை அது கூறாது. தொழிற்சாலையில் ஒரு பாகம் மாற்றப்படலாம். பயன்பாட்டில் ஒரு பகுதி தேயலாம். பழுது பார்க்கும்போது வேறொன்று பொருத்தப்படலாம். இவ்வாறு வரைபடத்துக்கும் பொருளுக்கும் இடையே தோன்றும் வேறுபாடு பல விபத்துகளுக்கும் பெரும் பண இழப்புகளுக்கும் காரணமாக இருந்துள்ளது. அவ்வேறுபாட்டைக் கண்டறிந்து குறைக்கப் பொறியாளர்கள் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறே எண்ணிம இரட்டையின் வரலாறு எனலாம்.

முன்னோடிகள்

பெரிய பொருளைச் செய்யும் முன் அதன் சிறு உருவைச் செய்து பார்ப்பது பழைய வழக்கம். சிறு உருவில் கண்டது பேருருவுக்கும் பொருந்துமா என்ற கேள்வியை முறைப்படி ஆராய்ந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் வில்லியம் ஃபுரூட் (1810-1879). கப்பல்களின் சிறு மாதிரிகளை நீரில் இழுத்து, நீர் அவற்றுக்குக் கொடுக்கும் எதிர்ப்பை அவர் அளந்தார். இதற்கென டார்க்கி நகரில் ஒரு நீண்ட நீர்த்தொட்டி 1872-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மாதிரியின் நீளம் கப்பலின் நீளத்தில் 16-இல் ஒரு பங்கு என்றால், அதைக் கப்பலின் வேகத்தில் 4-இல் ஒரு பங்கு வேகத்தில் இழுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் எழுப்பும் அலைகள் ஒத்திருக்கும் என்பது அவர் கண்ட விதி.

ஃபுரூட் மாதிரியோடு நிற்கவில்லை. கிரேஹவுண்ட் என்ற உண்மையான போர்க்கப்பலை மற்றொரு கப்பலைக் கொண்டு கடலில் இழுக்கச் செய்து, இழுவிசையை அளந்து, மாதிரியில் கிடைத்த முடிவுகளுடன் ஒப்பிட்டார். மாதிரியை உண்மைப் பொருளுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே நம்ப வேண்டும் என்ற நெறி இதனால் வலுப்பெற்றது.

இன்னொரு முன்னோடி விமானப் பயிற்சிக் கருவி. 1920களின் இறுதியில் அமெரிக்காவின் எட்வின் லிங்க், தரையிலேயே அமர்ந்து விமானம் ஓட்டிப் பழகுவதற்கான கருவியை உருவாக்கினார். சிமுலேட்டர் எனப்படும் இத்தகைய ஒப்புருவாக்கிகள் பிற்காலத்தில் விண்வெளிப் பயணத்துக்கும் இன்றியமையாதவை ஆயின.

அப்பல்லோ 13

எண்ணிம இரட்டையின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அப்பல்லோ 13 பயணத்தையே தொடக்கமாகக் குறிப்பிடுகின்றனர். 1970-இல் இப்பெயர் வழக்கில் இல்லை. எனினும், கைக்கெட்டாத் தொலைவில் பழுதடைந்த ஒரு பொருளைத் தரையில் உள்ள அதன் இணையைக் கொண்டு ஆராய்ந்த முறை அப்பயணத்தில் தெளிவாக வெளிப்பட்டது.

ஜிம் லவல், பிரெட் ஹெய்ஸ், ஜாக் சுவிகெர்ட் ஆகிய மூவருடன் அப்பல்லோ 13 விண்கலம் 1970 ஏப்ரல் 11 அன்று நிலவை நோக்கிப் புறப்பட்டது. ஏப்ரல் 13 இரவு, பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தபோது, அதன் ஆக்சிசன் தொட்டிகளில் ஒன்று வெடித்தது. தாய்க்கலத்துக்கு மின்சாரம் தரும் எரிபொருள் கலங்கள் செயலிழந்தன. மூவரும் நிலவில் இறங்குவதற்கென இணைக்கப்பட்டிருந்த சிறு கலத்தில் தஞ்சம் புகுந்தனர். அது இருவருக்கு, ஏறத்தாழ இரண்டு நாள்களுக்கென வடிவமைக்கப்பட்டது.

ஹியூஸ்டனிலும் கென்னடி முனையிலும் பயிற்சிக்கென ஒப்புருவாக்கிகள் இருந்தன. விண்கலத்திலிருந்து வானொலி வழியாக வந்த அளவீடுகளைக் கொண்டு அதன் நிலையைப் பொறியாளர்கள் கணித்தனர். பின்னர் ஒவ்வொரு செயல்முறையையும் ஒப்புருவாக்கிகளில் செய்து பார்த்து விண்வெளி வீரர்களுக்கு அனுப்பினர். தட்டம்மை வகை நோய்த் தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று பயணத்திலிருந்து விலக்கப்பட்டிருந்த கென் மாட்டிங்லி இப்பணியில் பங்கேற்றார். அணைத்து வைக்கப்பட்ட தாய்க்கலத்தை மிகக் குறைந்த மின்சாரத்தில் எந்த வரிசையில் மீண்டும் இயக்குவது என்பதே அவர்கள் தீர்க்க வேண்டிய கடினமான சிக்கலாக இருந்தது.

கரியமில வாயுவை அகற்றும் வடிகட்டிகளிலும் இதே முறை பின்பற்றப்பட்டது. தாய்க்கலத்தின் வடிகட்டிகள் சதுர வடிவின. சிறு கலத்தின் பொருத்துவாய்கள் வட்டமானவை. விண்கலத்தில் உள்ள பொருள்களை மட்டுமே கொண்டு தரையில் ஓர் இணைப்பு செய்யப்பட்டது. அது வேலை செய்கிறது என்று உறுதியான பின்னர், செய்முறை வானொலியில் படிப்படியாகச் சொல்லப்பட்டது. ஏப்ரல் 17 அன்று மூவரும் உயிருடன் பசிபிக் பெருங்கடலில் இறங்கினர்.

விபத்துக்கான காரணம் இந்த வரலாற்றுக்கு மேலும் நெருக்கமானது. தொட்டியினுள் இருந்த வெப்பக் கட்டுப்பாட்டுச் சுவிட்சுகள் தொடக்கத்தில் 28 வோல்ட் மின்னழுத்தத்துக்கென அமைக்கப்பட்டவை. ஏவுதளத்தில் 65 வோல்ட் பயன்படுத்தப்படும் என்பதால், அதற்கேற்ப வடிவமைப்பை மாற்ற 1965-இல் அறிவுறுத்தப்பட்டது. சுவிட்சுகள் மட்டும் மாற்றப்படவில்லை. அதன் பின் நடந்த ஆய்வுகளிலும் இது கவனிக்கப்படவில்லை. அதே தொட்டி 1968-இல் வேறொரு விண்கலத்திலிருந்து கழற்றப்பட்டபோது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து அதிர்ந்திருந்தது.

1970 மார்ச்சில் நடந்த ஒத்திகையின்போது அத்தொட்டியிலிருந்து ஆக்சிசன் சரியாக வெளியேறவில்லை. ஆகவே உள்ளிருந்த சூடேற்றியைப் பல மணி நேரம் இயக்கி ஆக்சிசனை வெளியேற்றினர். 65 வோல்ட் மின்னழுத்தத்தில் சுவிட்சின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. தொட்டியின் வெப்பநிலையைக் காட்டும் கருவி ஏறத்தாழ 27 பாகை செல்சியசுக்கு மேல் காட்டாத வகையில் அமைந்திருந்தது. உள்ளே வெப்பம் 500 பாகையைத் தாண்டி, கம்பிகளின் மேலுறை சிதைந்திருக்கலாம் எனப் பின்னர் கணிக்கப்பட்டது. அன்று கருவி காட்டியது 27 பாகைதான். ஆவணங்களில் இருந்த தொட்டி பாதுகாப்பானது. விண்கலத்தில் இருந்த தொட்டி வேறு நிலையில் இருந்தது.

வரைபலகையிலிருந்து கணினித் திரைக்கு

அப்பல்லோ காலத்திலேயே, வடிவமைப்புப் பணியும் கணினிக்கு மாறத் தொடங்கியது. 1963-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற நிரலில், ஒளிப்பேனாவால் திரையில் நேரடியாக வரைய முடிந்தது. பிரான்சின் ரெனோ மகிழுந்து நிறுவனத்தில் பியேர் பெசியே, வளைந்த உலோகப் பரப்புகளைக் கணக்கியல் முறையில் விவரிக்கும் வழியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதே காலத்தில் முடிவுறு கூறு முறை வளர்ந்தது. ஒரு சிக்கலான வடிவத்தைப் பல சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் ஏற்படும் தகைவைக் கணக்கிட்டு, பின்னர் முழுமைக்கும் தொகுப்பது இம்முறை. இப்பெயரை 1960-இல் ரே கிளப் என்ற பொறியாளர் வழங்கினார். 1960களின் பிற்பகுதியில் நாசா, இம்முறையில் இயங்கும் நாஸ்ட்ரான் என்ற நிரலை உருவாக்கியது. பொருளின் வடிவத்தைக் காட்டுவது, அதன் வலிமையைக் கணக்கிடுவது ஆகிய இரண்டும் இவ்வாறு கணினிக்குள் வந்தன.

இவ்வளர்ச்சியின் உச்சமாகப் போயிங் 777 விமானம் அமைந்தது. 1990-இல் தொடங்கிய இத்திட்டத்தில், பிரான்சின் தசோ நிறுவனத்தின் கட்டியா என்ற மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. முழுவதும் கணினியில் முப்பரிமாணத்தில் வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் தாரை விமானம் இதுவே. இதற்கு முன்னர், பாகங்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றனவா என்று பார்க்க மரத்தாலும் உலோகத்தாலும் முழு அளவு மாதிரி விமானம் செய்வது வழக்கம். 777 திட்டத்தில் முன்பகுதிக்கு மட்டும் அத்தகைய மாதிரி செய்யப்பட்டது. கணினியில் பொருத்திப் பார்த்த முடிவுகளுடன் அது நன்கு ஒத்துப்போனதால் மற்ற பகுதிகளுக்கான மாதிரிகள் கைவிடப்பட்டன.

ஆனால் உண்மைப் பொருளைச் சோதிப்பது கைவிடப்படவில்லை. 1995 சனவரியில் ஒரு 777 விமானத்தின் இறக்கைகள் உடையும்வரை மேல்நோக்கி வளைக்கப்பட்டன. பயன்பாட்டில் எதிர்பார்க்கப்படும் மிகப்பெரிய சுமையைப் போல ஒன்றரை மடங்கை, அதாவது 150 விழுக்காட்டைத் தாங்க வேண்டும் என்பது விதி. இறக்கைகள் 154 விழுக்காட்டில் உடைந்தன.

கருத்தின் தோற்றம்

777-இன் கணினி மாதிரி அந்த விமான வகைக்கு உரியது. அவ்வகையில் பின்னர் கட்டப்பட்ட ஒவ்வொரு தனி விமானமும் எத்தனை முறை தரையிறங்கியது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதை அது அறியாது. விமானம் தொழிற்சாலையை விட்டு வெளியேறியதும் மாதிரிக்கும் பொருளுக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் முடிந்துவிடும்.

அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டேவிட் கெலெர்ன்டர் 1991-இல் வெளியிட்ட மிரர் வேர்ல்ட்ஸ் என்ற நூலில், உலகின் நடப்புகளைக் கண்ணாடிபோல் உடனுக்குடன் காட்டும் மென்பொருள்களைக் கற்பனை செய்தார். பொருள் உற்பத்திக்கு ஏற்ற வடிவில் இக்கருத்தை முன்வைத்தவர் மைக்கேல் கிரீவ்ஸ். 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஒரு பொருளை அதன் வாழ்நாள் முழுவதும் மேலாண்மை செய்வது பற்றிய உரையில் அவர் மூன்று கூறுகளை விளக்கினார்:

1. உண்மை வெளியில் உள்ள பொருள்.
2. மெய்நிகர் வெளியில் உள்ள அதன் இணை.
3. இவ்விரண்டையும் பிணைக்கும் தரவுத் தொடர்பு. பொருளிலிருந்து மாதிரிக்குத் தரவும், மாதிரியிலிருந்து பொருளுக்குத் தகவலும் செல்லும்.

முதல் இரண்டும் ஏற்கெனவே இருந்தவை. மூன்றாவதான தொடர்பை, வடிவமைப்பு முதல் பயன்பாட்டிலிருந்து நீக்கும்வரை அறாமல் காக்க வேண்டும் என்பதே இதில் புதிது. அப்போது அவர் இதற்கு எண்ணிம இரட்டை என்று பெயரிடவில்லை.

ஏர்பஸ் ஏ380: மாதிரிகள் ஒத்துப்போகாத நிகழ்வு

மாதிரி இருந்தால் மட்டும் போதாது என்பதை ஏர்பஸ் ஏ380 விமானத் திட்டம் காட்டியது. இரு அடுக்குகள் கொண்ட இவ்விமானத்தின் பகுதிகள் பிரான்சு, செருமனி, பிரிட்டன், எசுப்பானியா ஆகிய நாடுகளில் செய்யப்பட்டு, பிரான்சின் துலூஸ் நகரில் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு விமானத்திலும் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளக் கம்பிவடங்கள் இருந்தன.

செருமனியின் ஆம்பர்க் நகரில் செய்யப்பட்ட உடற்பகுதிகள் துலூசுக்கு வந்தபோது, அவற்றின் கம்பிவடங்கள் உரிய இடங்களை எட்டவில்லை. செருமனியிலும் எசுப்பானியாவிலும் இருந்த வடிவமைப்பாளர்கள் கட்டியா மென்பொருளின் 4-ஆம் பதிப்பைப் பயன்படுத்தினர். பிரான்சிலும் பிரிட்டனிலும் 5-ஆம் பதிப்பு பயன்பட்டது. ஒரு குழு செய்த மாற்றங்கள் மற்றக் குழுவின் மாதிரியில் முழுமையாகச் சென்று சேரவில்லை. எடையைக் குறைக்கச் சில இடங்களில் செம்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பி பயன்படுத்தப்பட்டதும் சிக்கலை மிகுவித்தது. அலுமினியக் கம்பியை வளைப்பதற்கான விதிகள் வேறு.

தொழிலாளர்கள் கம்பிவடங்களைக் கழற்றி, கையால் மீண்டும் அமைக்க வேண்டியதாயிற்று. 2006 சூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும் தாய் நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் பதவி விலகினர். முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இதே விமானத்தின் இறக்கைச் சோதனையும் குறிப்பிடத்தக்கது. 2006 பிப்ரவரியில் நடந்த சோதனையில், 150 விழுக்காட்டைத் தாங்க வேண்டிய இறக்கை அதற்குச் சற்று முன்னரே, ஏறத்தாழ 145 விழுக்காட்டில் முறிந்தது. கணக்கீட்டுக்கும் உண்மைக்கும் இடையே இருந்த சிறு இடைவெளியை இறக்கையை உடைத்துப் பார்த்த பின்னரே அறிய முடிந்தது. சில வலுவூட்டல்கள் செய்யப்பட்டு, 2006 டிசம்பரில் விமானத்துக்குத் தகுதிச் சான்று வழங்கப்பட்டது.

பெயரும் பரவலும்

எண்ணிம இரட்டை என்ற பெயர் 2010-இல் நாசா வெளியிட்ட தொழில்நுட்பத் திட்ட வரைவின் வழியே பரவியது. இப்பெயரை அளித்தவர் நாசாவில் பணியாற்றிய ஜான் விக்கர்ஸ் என்று கிரீவ்ஸ் குறிப்பிடுகிறார். 2011-இல் வெளியிட்ட தம் நூலில் கிரீவ்ஸ் இப்பெயரை ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு அமெரிக்க வான்படை ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர், விமானச் சட்டகத்தின் வாழ்நாளைக் கணிக்க இக்கருத்தைப் பயன்படுத்துவது பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். ஒரே வகைப் போர் விமானங்கள் இரண்டு, ஒரே எண்ணிக்கையிலான மணி நேரம் பறந்திருக்கலாம். ஒன்று கடுமையான திருப்பங்களைச் செய்திருக்கும். மற்றொன்று அமைதியாகப் பறந்திருக்கும். இரண்டிலும் உலோகக் களைப்பு ஒரே அளவில் இராது. எனவே ஒவ்வொரு விமானத்துக்கும், அதன் வால் எண்ணுக்கு உரிய தனி மாதிரி வேண்டும் என்பது அக்கட்டுரையின் கருத்து. 2012-இல் நாசாவைச் சேர்ந்த கிளேஸ்கனும் வான்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டார்கலும் எழுதிய கட்டுரை இதை விண்கலங்களுக்கும் விரிவாக்கியது.

உணரிகளின் விலை குறைந்ததும், இணையவழித் தரவுச் சேமிப்பு வளர்ந்ததும் இக்கருத்து பிற தொழில்களுக்கும் பரவக் காரணங்களாயின. விமான எந்திரத் துறையில் இதற்கு வணிகக் காரணமும் இருந்தது. எந்திரம் பறந்த மணி நேரத்துக்கு ஏற்பப் பராமரிப்புக் கட்டணம் பெறும் முறையைப் பிரிட்டனின் பிரிஸ்டல் சிடலி நிறுவனம் 1962-லேயே தொடங்கியது. பின்னர் அந்நிறுவனத்தை வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் இம்முறையை விரிவாக்கியது. இம்முறையில் எந்திரம் பழுதாகி நின்றால் இழப்பு, பராமரிப்புப் பொறுப்பை ஏற்ற நிறுவனத்துக்கே. ஆகவே பறந்துகொண்டிருக்கும் ஒவ்வோர் எந்திரத்தின் நிலையையும் அறிவது அதற்கு இன்றியமையாததாயிற்று.

வகைகள்

கிரீவ்சும் விக்கர்சும் பின்னர் இணைந்து எழுதியபோது, எண்ணிம இரட்டையை மூன்றாகப் பிரித்தனர். பொருள் இன்னும் செய்யப்படாதபோது அதன் வடிவமைப்பைக் கொண்டிருப்பது முன்மாதிரி இரட்டை. செய்யப்பட்ட ஒவ்வொரு தனிப்பொருளுக்கும் உரியது தனிப்பொருள் இரட்டை. இத்தனிப்பொருள் இரட்டைகள் பலவற்றின் தரவைத் தொகுத்துப் பார்ப்பது தொகுப்பு இரட்டை.

புதிய பொருளின் வடிவமைப்புக்கு இம்மூன்றாவது வகை பெரிதும் உதவும். எடுத்துக்காட்டாக, மணற்காற்று மிகுந்த பகுதிகளில் பறக்கும் விமானங்களின் எந்திர அலகுகள் விரைவில் தேயும். எந்தப் பகுதியில், எவ்வளவு வேகமாக என்ற தரவு திரண்டால், அடுத்த எந்திரத்தை வடிவமைப்போர் ஊகத்தின் இடத்தில் அளவீட்டை வைக்கலாம்.

2018-இல் வெர்னர் கிரிட்சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் தரவு செல்லும் முறையைக் கொண்டு வேறொரு வகைப்பாட்டை அளித்தனர்:

எண்ணிம மாதிரி: பொருளுக்கும் மாதிரிக்கும் இடையே தரவைக் கையால்தான் மாற்ற வேண்டும்.
எண்ணிம நிழல்: பொருளிலிருந்து மாதிரிக்குத் தரவு தானாகச் செல்லும், மறுதிசையில் தானாகச் செல்லாது.
எண்ணிம இரட்டை: இரு திசைகளிலும் தரவு தானாகச் செல்லும்.

இவ்வகைப்பாட்டின்படி பார்த்தால், எண்ணிம இரட்டை என்று விளம்பரப்படுத்தப்படும் பலவும் மாதிரிகளாகவோ நிழல்களாகவோதான் அமையும். உற்பத்தித் துறையில் எண்ணிம இரட்டைக்கான கட்டமைப்பை வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ. 23247 என்ற பன்னாட்டுத் தரம் 2021-இல் வெளியானது.

எல்லைகள்

எண்ணிம இரட்டையின் முதல் எல்லை அளவீடு. உணரி இல்லாத இடத்தில் நடப்பதை இரட்டை நேரடியாக அறியாது. உணரி தவறாகக் காட்டினால் இரட்டையும் தவறும். அப்பல்லோ 13-இன் தொட்டியில் 27 பாகைக்கு மேல் காட்டாத கருவியைப் போன்ற ஒன்று இன்றைய இரட்டையுடன் இணைக்கப்பட்டிருந்தாலும், திரையில் 27 பாகையே தெரியும்.

இரண்டாவது, முன்னறியாத நிலைகள். மாதிரியில் எழுதப்பட்ட விதிகளுக்கு உட்பட்டே அதன் கணிப்புகள் அமையும். அமெரிக்க வான்படையின் டி-7 பயிற்சி விமானம், கணினி வழி வடிவமைப்பால் குறுகிய காலத்தில் உருவானதாகப் பாராட்டப்பட்டது. ஆயினும் விமானியை ஆபத்தில் வெளியே தள்ளிக் காக்கும் இருக்கை அமைப்பின் சோதனைகளில் சிக்கல்கள் வெளிப்பட்டன; திட்டம் தாமதமடைந்தது. வெவ்வேறு உடல் அளவு கொண்ட விமானிகளுக்கு அது பாதுகாப்பானதா என்பதை உருவப் பொம்மைகளை வைத்து உண்மையாகவே இயக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, பராமரிப்பு. ஒரு விமானம் 30 ஆண்டுகளுக்கு மேலும் பறக்கக்கூடும். அதன் மாதிரியை உருவாக்கிய மென்பொருளின் பதிப்புகள் அக்காலத்துக்குள் பலமுறை மாறிவிடும். ஏ380 திட்டத்தில் ஒரே காலத்தில் இருந்த இரு பதிப்புகளுக்கு இடையிலேயே தரவு சிதைந்தது. பல பத்தாண்டுகள் கடந்தும் பழைய தரவைப் படிக்கவும், பழுது பார்க்கும் பணியாளர் மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் மாதிரியில் பதிவு செய்யவும் ஆட்களும் நிதியும் ஒதுக்கப்பட வேண்டும். அது நின்றுபோனால் பொருள் தொடர்ந்து மாறும், மாதிரி பழைய நிலையிலேயே இருக்கும். அதன் பிறகு அதை நம்பி எடுக்கும் முடிவுகள், மாற்றப்படாத சுவிட்சை மாற்றப்பட்டதாகக் கொண்டு எடுக்கும் முடிவுகளாகவே இருக்கும்.